காற்றுத் தடுப்புக் கையுறை போட்டும் கை விறைக்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

டிசம்பர் வந்தால் இமயமலையில் கேதார்காந்தா, பிரம்மதால், சந்தக்பூ என்று மலையேறக் கிளம்புகிறவர்கள் நம் ஊரில் அதிகமாகிவிட்டார்கள். ஜூன் பிறந்தால் லடாக் பைக் பயணம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விடியற்காலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் வருடம் முழுக்க இருக்கிறார்கள். எல்லோரிடமும் நான் கேட்கும் புகார் ஒன்றுதான்: "விண்ட்புரூஃப் என்று போட்டிருந்த கிளவுஸைத்தான் வாங்கினேன், ஆனாலும் விரல் விறைத்துவிட்டது." அதோடு சேர்ந்தே வரும் முடிவு: "அடுத்த தடவை இன்னும் தடிமனாக வாங்க வேண்டும்."

கொஞ்சம் பொறுங்கள். மெல்லிய காற்றுத் தடுப்புக் கையுறை ஒரு ஜோடி பெரும்பாலும் 40 முதல் 80 கிராம் எடைக்குள் இருக்கும். ஜிப்பை இழுக்கலாம், ஹெல்மெட் பக்கிளைப் போடலாம், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கிழிக்கலாம். இத்தனையும் கையுறையைக் கழற்றாமல் செய்யலாம் என்பதே அதன் பெரிய பலம். குளிரில் கையுறையைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கை சூட்டை இழக்கிறது. தடிமனான கையுறைக்காரர் அடிக்கடி கழற்றுவார், அதனாலேயே சில சமயம் மெல்லிய கையுறைக்காரரைவிட அதிகம் அவதிப்படுவார்.

கை குளிர்வதற்குக் காரணங்கள் ஐந்து: காற்று உள்ளே புகுவது, உள்ளே ஈரம் சேர்வது, கையுறை இறுக்குவது, குளிர்ந்த பொருளைப் பிடித்துக்கொண்டே இருப்பது, உடம்பே விரல்களுக்கு ரத்தத்தைக் குறைப்பது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில், ஒவ்வொரு நேரத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். எங்கே குளிர்கிறது, எப்போது குளிர்கிறது என்று கவனித்தால் கோளாறு பாதி பிடிபட்ட மாதிரிதான்.

காற்று எவ்வளவு சூட்டை எடுத்துக்கொள்கிறது

1940களில் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அண்டார்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை அடைத்து வெளியே தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்தார்கள். காற்றுக்குளிர், அதாவது காற்று அடிக்கும்போது தோலுக்குக் குளிர் எவ்வளவு கூடித் தெரியும் என்ற கணக்கின் தொடக்கம் அது. இப்போது பயன்பாட்டில் உள்ள சூத்திரத்தை அமெரிக்காவும் கனடாவும் 2001இல் கொண்டுவந்தன. அதன்படி 5 டிகிரி குளிரில் 40 கி.மீ. வேகக் காற்று அடித்தால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 1 மாதிரி. மைனஸ் 5இல் 20 கி.மீ. காற்று என்றால் மைனஸ் 12. மைனஸ் 10இல் 30 கி.மீ. என்றால் மைனஸ் 20.

முதல் கணக்கு ஊட்டியில் ஜனவரி விடிகாலையில் நிதானமாக வண்டி ஓட்டுகிறவருடையது. அங்கே இயற்கைக் காற்றே தேவையில்லை, வண்டியின் வேகமே காற்று. மூன்றாவது, கேதார்காந்தாவில் இரவு 2, 3 மணிக்குக் கூடாரத்திலிருந்து கிளம்பி முகட்டில் ஏறும்போது எதிர்பார்க்க வேண்டியது. அந்தச் சிகரம் சுமார் 3,800 மீட்டர். முகட்டுக்கு வந்ததும் மரங்கள் தரும் மறைப்பு போய்விடும்.

ஃபிளீஸோ (பஞ்சுபோன்ற செயற்கை இழைத் துணி) கம்பளியோ தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் கைச்சூட்டைப் பிடித்து வைக்கிறது. வெளிக்காற்று துணிக்குள் புகுந்தால் அந்தச் சூடான காற்று அடித்துக்கொண்டு போய்விடும். காற்றைத் தடுக்கும் மெல்லிய படலமோ நெருக்கமாக நெய்த துணியோ மேலே இருந்தால், உள்ளே மெல்லிய ஃபிளீஸ் போதும். மெல்லிய கையுறை வேலை செய்வது இந்த ஒரு காரணத்தால்தான். படலத்தில் எங்கே இடைவெளி இருக்கிறதோ, அங்கே அது சாதாரணக் கையுறையாகிவிடுகிறது.

கிளம்புவதற்கு முன் வீட்டில் சோதித்துப் பாருங்கள்

சென்னையில் இருந்துகொண்டு எப்படிச் சோதிப்பது என்று கேட்பார்கள். மேசை மின்விசிறியும் ஃபிரிட்ஜும் போதும்.

முதல் சோதனை காற்றுக்கு. கையை லேசாக நனைத்து, சொட்டாத அளவுக்குத் துடைத்துவிட்டு, கையுறையை மாட்டுங்கள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து முக்கால் அடி தூரத்தில் கையைக் காட்டுங்கள். ஏசி அறையாக இருந்தால் இன்னும் நல்லது, காற்றில் ஈரப்பதம் குறைவாக இருக்கும். காற்று புகும் இடத்தில் ஈரம் ஆவியாகிச் சில்லென்று தெரியும். புறங்கை, உள்ளங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரலின் அடி, மணிக்கட்டு என்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்புங்கள். சில்லென்ற இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மலையில் முதலில் விறைக்கப்போவது அந்த இடங்கள்தான்.

இரண்டாவது, கையுறையைக் கழற்றி மணிக்கட்டுப் பக்க வாயைச் சுருட்டிப் பிடித்து, பலூன் மாதிரி உள்ளே ஊதுங்கள். இன்னொருவரின் கன்னத்தருகே விரல்களைக் கொண்டுபோனால் எந்தத் தையலில் காற்று வெளியேறுகிறது என்று அவர் சொல்லிவிடுவார். படலம் முழுசாக இருக்கும் கையுறை சற்று நேரம் உப்பி நிற்கும்.

மூன்றாவது பிடிப்புச் சோதனை. வீட்டு ஃபிரீஸர் மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கும். உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையுறையோடு இறுக்கிப் பிடித்து, உள்ளங்கைக்குக் குளிர் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். அப்படியே அதை மின்விசிறி முன்னால் பிடித்துப் பாருங்கள்.

கடைசியாக, கையுறையோடு மேசையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுங்கள், ஷூ லேஸைக் கட்டுங்கள், தலை விளக்கின் பேட்டரியை மாற்றுங்கள். வீட்டில் செய்ய முடியாதது மலையில் நிச்சயம் முடியாது.

கடையில் லேபிள் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. துணி எவ்வளவு காற்றை விடுகிறது என்பதை சி.எஃப்.எம். என்ற அளவில் சொல்வார்கள். ஒரு சதுர அடித் துணி வழியாக நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகிறது என்ற கணக்கு அது. சோதனையில் வழக்கமாகக் கொடுக்கும் 125 பாஸ்கல் அழுத்தம் ஏறத்தாழ மணிக்கு 50 கி.மீ. காற்றுக்குச் சமம். 1 அல்லது அதற்குக் கீழே என்றால் காற்றுத் தடுப்பு என்று நம்பலாம். சாதாரண ஃபிளீஸில் இந்த எண் நூற்றைத் தாண்டும். ஐரோப்பியத் தரக்குறி உள்ள கையுறையில் ஈ.என். 511 என்று போட்டு மூன்று எண்கள் இருக்கும்: முதலாவது காற்றுவழிக் குளிர், இரண்டாவது தொடுகுளிர் (குளிர்ந்த பொருளைத் தொடுவதால் வருவது), மூன்றாவது தண்ணீர். முதல் இரண்டும் 0 முதல் 4 வரை. தண்ணீருக்கு 0 அல்லது 1. எக்ஸ் என்றிருந்தால் அந்தச் சோதனை நடக்கவில்லை. அதை நல்ல மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: புறங்கையில் அல்லது விரல் இடுக்கில் ஊசியாகக் குத்துகிறது, காற்று நின்றால் குறைகிறது

காற்று நின்றதும் குறைகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், காற்று புகுகிறது. பல கையுறைகளில் காற்றுத் தடுப்புப் படலம் புறங்கைக்கு மட்டும்தான் இருக்கும். உள்ளங்கை நீளும் ஃபிளீஸ் அல்லது செயற்கைத் தோல். விரல்களின் பக்கவாட்டில் ஓடும் குறுகிய பட்டைத் துணியைத் தொட்டுப் பாருங்கள். விலை குறைந்த கையுறைகளில் அது வெறும் துணிதான். விரல்களை விரித்து விளக்குக்கு நேரே பிடித்தால் அந்தப் பட்டை வழியே வெளிச்சம் கசிவது தெரியும். வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது காற்று நேராக மோதுவது விரல்களின் முன்பக்கத்திலும் இந்தப் பட்டைகளிலும்தான்.

நடக்கிறவர்களுக்குத் தீர்வு எளிது. மெல்லிய நைலான் மிட்டன் ஷெல் (விரல்களைப் பிரிக்காமல் ஒரே பையாக மூடும் மேலுறை) ஒரு ஜோடி எடுத்து மேலே போட்டுக்கொள்ளுங்கள். கைக்குட்டை அளவுக்கு மடியும். காற்று அடிக்கும் முகட்டில் மாட்டுங்கள், மரங்களுக்குள் இறங்கியதும் கழற்றுங்கள். ஓடுகிறவர்களுக்கென்று மணிக்கட்டில் ஒரு சின்னப் பை வைத்து, அதிலிருந்து மிட்டன் மூடியை இழுத்து விரல்கள் மேல் போர்த்தும் வகையும் கிடைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது. ஒன்றை மட்டும் பாருங்கள்: மூடி கட்டைவிரலையும் சேர்த்து மூட வேண்டும். பெரும்பாலானவற்றில் கட்டைவிரல் வெளியே நின்றுவிடும்.

வண்டி ஓட்டுகிறவர்கள் கையுறையை மாற்றுவதைவிட ஹேண்டில்பாரை மாற்றுவது நல்லது. கைக்கு முன்னால் நிற்கும் ஹேண்ட்கார்ட், அல்லது ஹேண்டில்பாரையும் கையையும் சேர்த்து மூடும் மஃப் போட்டால் மெல்லிய கையுறையே தாராளம். விரல்கள் கிளட்சிலும் பிரேக்கிலும் உணர்வோடு இருக்கும். பாதுகாப்புக்கு அது முக்கியம்.

அறிகுறி: விரல் நுனிகள் மட்டும் குளிர்கின்றன, உள்ளங்கை கதகதப்பாக இருக்கிறது

முதல் சந்தேகம் அளவு. கையை நேராக நீட்டி விரல் நுனிக்கும் துணிக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முஷ்டியை மூடுங்கள். மூடும்போது நுனி இழுபட்டால், பயணம் முழுக்க விரல் நுனியில் ஃபிளீஸ் நசுங்கியேதான் இருக்கும். அழுத்திக் கட்டிய பஞ்சு மெத்தை குளிருக்கு உதவாத மாதிரிதான் இதுவும். அதோடு விரல்களைச் சுற்றிய இறுக்கம் ரத்த ஓட்டத்தையும் குறைக்கும்.

அளவு எடுப்பது இப்படி: கட்டைவிரலைத் தவிர்த்து, உள்ளங்கையின் அகலமான இடத்தைச் சுற்றி டேப்பை வையுங்கள். சுற்றளவு எத்தனை அங்குலமோ அதுதான் ஐரோப்பிய அளவு எண். 8 என்றால் 8 அங்குலம், 203 மி.மீ. உள்ளே லைனர் (அடியில் போடும் மெல்லிய கையுறை) போடுவதாக இருந்தால், லைனரை மாட்டிக்கொண்டு வெளிக்கையுறையைப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக ஒரே அளவில் வாங்கி, மலையில் ஒன்றுக்குள் ஒன்றைத் திணிப்பது நிறையப் பேருக்கு நடக்கிறது.

மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். உயரத்தில் விரல் வீங்கலாம், மோதிரம் அங்கே சுருக்குக் கயிறாகிவிடும்.

ட்ரெக்கிங் போலின், அதாவது மலையேறும்போது ஊன்றும் கோலின் பட்டையையும் பாருங்கள். மணிக்கட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தால் அதுவும் விரல் நுனிக் குளிருக்குக் காரணம். கை தளர்வாக அதில் சாய்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அளவு சரியாக இருந்தும் நுனி மட்டும் குளிர்ந்தால் விஷயம் கையுறையில் இல்லை, உடம்பில் இருக்கிறது. மார்பும் வயிறும் குளிரும்போது, உள்ளுறுப்புகளின் சூட்டைக் காப்பாற்ற உடம்பு முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். அப்போது எவ்வளவு நல்ல கையுறையாக இருந்தாலும் உள்ளே பிடித்து வைக்கச் சூடே வராது. கழுத்தை மூடுங்கள், தொப்பி போடுங்கள், காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டை ஒரு அடுக்கு முன்பே மாட்டுங்கள், ஏதாவது சாப்பிடுங்கள். ஓய்வு எடுக்கும்போது சிகரெட் வேண்டாம். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். கையை அகலமாக வட்டமடித்துச் சுழற்றினால் ரத்தம் விரல் நுனிக்கு ஓடும், ஒரு நிமிடத்தில் வித்தியாசம் தெரியும்.

கிளம்பிய முதல் கால் மணி நேரம் மட்டும் விறைத்து, பிறகு தானாகச் சரியானால் அதைக் கோளாறாக எண்ண வேண்டாம். கூடாரத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, கை சூடாக இருக்கும்போதே கையுறையை மாட்டுங்கள். குளிர்ந்த கையில் மாட்டினால் குளிர்ந்த கையைத்தான் அது காப்பாற்றும்.

அறிகுறி: உள்ளே ஈரமாக இருக்கிறது

அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி இது. கையுறை ஈரமானதும் "வாட்டர்புரூஃப் இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்பார்கள். பெரும்பாலும் அது வெளியிலிருந்து வந்த தண்ணீரே இல்லை, சொந்த வியர்வை.

எது என்று தெரிந்துகொள்ள ஒரு நம்பகமான சோதனை இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் மெல்லிய நைட்ரைல் கையுறையை ஒரு கையில் மட்டும் போட்டு, அதற்கு மேல் உங்கள் கையுறையை மாட்டி ஒரு மணி நேரம் ஏறுங்கள். நின்றதும் இரண்டையும் கழற்றிப் பாருங்கள். நைட்ரைல் போட்ட கை நனைந்து, கையுறையின் உட்புறம் காய்ந்திருந்தால் வியர்வைதான் காரணம். கையுறையின் உட்புறமும் ஈரமாக இருந்தால் தண்ணீர் வெளியிலிருந்து வந்திருக்கிறது. போடாத கையோடு ஒப்பிட்டால் சந்தேகமே இருக்காது.

வியர்வை என்றால், ஏற்றத்தில் கையுறை தேவைக்கு மேல் சூடாக இருக்கிறது என்று பொருள். காற்றுத் தடுப்புப் படலம் ஆவியை ஓரளவு வெளியே விடும், ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் கை வெளிவிடும் அளவுக்கு ஈடுகொடுக்காது. ஏறும்போது லைனர் மட்டும் போதும். கை லேசாகக் குளிர்வது போல இருக்கும் நிலையே சரியான நிலை. முகட்டுக்கு வருவதற்குச் சற்று முன்பு, காற்று தொடங்கும் முன்பு, வெளிக்கையுறையை மாட்டுங்கள். காற்று அடிக்கத் தொடங்கி, நின்று, பையைத் திறந்து தேடும் நேரத்தில் கைச்சூடு போய்விடும். அதனால் அது ஜாக்கெட் பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

ஈரம் இத்தனை பெரிய விஷயமா என்றால், ஆமாம். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஏறும்போது வியர்த்து நனைந்த லைனர், உச்சியில் படம் எடுக்க நிற்கும் 10 நிமிடத்தில் கையை விறைக்க வைத்துவிடும். "நடக்கும்போது நன்றாக இருந்தது, நின்றதும் விறைத்தது" என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இந்த ஈரம்தான். எனவே உலர்ந்த லைனர் ஒரு ஜோடி கூடுதலாக வையுங்கள். பையில் உள்ள எல்லாக் கூடுதல் பொருள்களிலும் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

வெளித் தண்ணீர் என்றால் வேறு கதை. காற்றுத் தடுப்பு என்பது தண்ணீர்த் தடுப்பு ஆகாது. படலம் தண்ணீரைத் தாங்கினாலும் தையல் ஓட்டைகளை அடைக்காமல் விட்டிருப்பார்கள். பனியைக் கையால் தள்ளுவது, ஈரப் பாறையைப் பிடித்து ஏறுவது, மழையில் வண்டி ஓட்டுவது இந்தக் கையுறையின் வேலை இல்லை. மழைக்கு மேலே தண்ணீர் புகாத மிட்டன் ஷெல் வேண்டும்.

இன்னொரு சங்கடம்: ஈரக் கையை வெளியே எடுக்கும்போது உள் லைனிங் விரலோடு ஒட்டி வெளியே வந்துவிடும். மறுபடி கையை நுழைத்தால் விரல்கள் போகாது. இருட்டில், காற்றில், இது பெரிய ஆபத்து. ஒவ்வொரு விரலின் நுனியையும் மறு கையால் பிடித்து இழுத்துக் கழற்றுங்கள், மணிக்கட்டைப் பிடித்து உரிக்காதீர்கள். கடையிலேயே லேசாக ஈரக் கையோடு நான்கைந்து முறை மாட்டிக் கழற்றிப் பார்த்தால், லைனிங் விரல் நுனியில் தைக்கப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நனைந்ததை உலர்த்த, லடாக் வீடுகளில் இருக்கும் புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். அதிகச் சூட்டில் படலத்தை ஒட்டிய பசை விட்டுப்போகும். ஜாக்கெட்டுக்கும் உடம்புக்கும் நடுவே வைத்து நடங்கள், இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள். வெளியே விட்டால் காலையில் விறைத்த பலகைதான் கையில் கிடைக்கும்.

அறிகுறி: பிடிக்கும் பக்கம் மட்டும் குளிர்கிறது

உள்ளங்கை மட்டும் அல்லது கிளட்ச், பிரேக் மேல் வைக்கும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் விறைத்தால் அது தொடுகுளிர். அலுமினிய லீவர் குளிர்ந்து கிடக்கும், விரல் தொட்டுக்கொண்டே இருக்கும், பிடியில் ஃபிளீஸ் நசுங்கியிருக்கும். லீவர் மேல் ரப்பர் உறை மாட்டினால் பாதிப் பிரச்சினை முடிந்தது. கைப்பிடிக்கும் தடிமனான ஃபோம் உறை போடலாம். ட்ரெக்கிங் போலில் கார்க் அல்லது ஃபோம் பிடி இருக்கிறதா பாருங்கள். சரிவில் குட்டையாகப் பிடிக்க வேண்டி வந்து உலோகக் குழாயையே பிடிக்கிறீர்கள் என்றால், அந்த இடத்தில் சைக்கிள் ஹேண்டில் டேப்பைச் சுற்றிவிடுங்கள். ஸ்டீல் தண்ணீர் பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

அறிகுறி: மணிக்கட்டு சில்லிடுகிறது, கொஞ்ச நேரத்தில் மொத்தக் கையும்

மணிக்கட்டில் தமனி தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. நாடி பார்க்கும் இடம் அதுதானே. அங்கே ஒரு விரல் அகலம் திறந்திருந்தாலும் விரல்களுக்குப் போகும் ரத்தம் வழியிலேயே குளிர்ந்துவிடும். மெல்லிய கையுறைகளில் மணிக்கட்டுப் பகுதி குட்டையாக இருப்பது சகஜம்.

நடக்கும்போது கை தொங்கியிருக்கும், ஆகவே கையுறை ஜாக்கெட் கைக்குள் போக வேண்டும். வண்டியில் கை முன்னால் நீண்டு காற்று சட்டைக்கையின் வாய்க்குள் அடிக்கும், ஆகவே நீளமான கையுறை ஜாக்கெட்டின் மேல் வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே கையுறைதான் இருக்கிறது என்றால், பழைய கம்பளி சாக்ஸின் பாதப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மேல் பகுதியை மணிக்கட்டில் மாட்டி, கட்டைவிரலுக்கு ஒரு துளை போடுங்கள். செலவே இல்லாமல் நிறையச் சூடு.

அறிகுறி: சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் மரத்துப்போகின்றன

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அடிக்கடி வரும். குளிர் என்று நினைத்துக் கையுறையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடியில் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துவதால் வருவது இது. ஒரு வெயில் நாளில் கையுறை இல்லாமல் அதே தூரம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மரத்தால் குளிருக்குச் சம்பந்தமில்லை. பிடியை அடிக்கடி மாற்றுங்கள், ஹேண்டில்பார் உயரத்தைச் சரிபாருங்கள். ஓட்டுவதை நிறுத்திய பிறகும் மரப்பு போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி: கைச்சூட்டுப் பொட்டலம் வைத்தும் சூடு வரவில்லை

அந்தப் பொட்டலத்தில் இருப்பது இரும்புத் தூள். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது சூடு வருகிறது. காற்றே புகாத கையுறைக்குள் இறுக்கி அடைத்தால் ஆக்சிஜன் கிடைக்காமல் அடங்கிவிடும். உயரத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஏற்கெனவே குறைவு. கிளம்புவதற்கு முன்பே பிரித்து, குலுக்கி, சூடு ஏறிய பிறகு, லைனருக்கும் வெளிக்கையுறைக்கும் நடுவே மணிக்கட்டின் உட்பக்கம் வையுங்கள். வெறும் தோலில் நேராக வைத்தால் சுட்டுவிடும். மரத்த கைக்கு அது தெரியவும் தெரியாது.

அறிகுறி: போன் திரை கேட்கவில்லை

விரல் நுனியில் மின்கடத்தும் நூல் தேய்ந்திருக்கும், அல்லது நுனியில் துணி நீண்டு உங்கள் விரல் அதைத் தொடாமல் இருக்கும். பல போன்களில் தொடு உணர்வைக் கூட்டும் அமைப்பு செட்டிங்ஸில் உண்டு. அதையும் கேமராவைப் பட்டனால் திறக்கும் வசதியையும் வீட்டிலேயே இயக்கி வையுங்கள். படம் எடுக்கக் கழற்றினால் கையுறை காற்றில் பறக்காதபடி மணிக்கட்டில் ஒரு எலாஸ்டிக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். முகட்டில் ஒரு கையுறை பறந்துபோனால் திரும்பிவர வேண்டியதுதான்.

கையுறையை மறந்துவிட்டு உடனே இறங்க வேண்டிய அறிகுறிகள்

வலி இருக்கும்வரை நேரம் இருக்கிறது. வலித்துக்கொண்டிருந்த விரலில் திடீரென்று வலி நின்று, உணர்வும் போய், தோல் வெளுத்து மெழுகு மாதிரி ஆனால், அது பனிக்கடியின் தொடக்கம். உடனே காற்று இல்லாத இடத்துக்குப் போங்கள். விரலை அக்குளில் அல்லது கூட வந்தவரின் வயிற்றில் வைத்துச் சூடேற்றுங்கள். தேய்க்காதீர்கள், பனியைப் பூசாதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். சில நிமிடத்தில் நிறமும் உணர்வும் திரும்பினால் நல்லது, ஆனால் அன்று மேலே ஏறாதீர்கள். திரும்பாவிட்டால், விரல் கெட்டியாக இருந்தால், மருத்துவ உதவி வேண்டும். 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் உருக வைப்பதுதான் முறை. ஆனால் வழியில் மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் உருக வைக்கக் கூடாது, மறு உறைவு செய்யும் சேதம் முதலாவதைவிட மோசம்.

சிலருக்கு இவ்வளவு குளிர் வேண்டியதில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தாலே ஓரிரு விரல்கள் கோடு போட்ட மாதிரி வெளுத்து, பிறகு நீலமாகி, பிறகு சிவக்கும். ரேனாட் நோயின் அடையாளம் இது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு விரல் குளிர்ச்சி கூடலாம். இப்படிப்பட்டவர்கள் மலைப் பயணம் பதிவு செய்வதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். மெல்லிய கையுறையை நம்பிப் போக வேண்டாம், மிட்டனே சரி. மிட்டனுக்குள் விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும்.

அறிகுறி: போன வருடம் நன்றாக இருந்தது, இந்த வருடம் இல்லை

மேல்துணியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக உருண்டு ஓடினால் சரி. பரவி ஊறினால் நீர்விலக்கிப் பூச்சு தளர்ந்துவிட்டது. துணி தண்ணீரைக் குடித்துவிட்டால் ஆவி வெளியேறாது, உள்ளே வியர்வை தேங்கும், படலம் கெடாமல் இருந்தும் கை குளிரும். கையெண்ணெயும் சன்ஸ்கிரீனும் இந்தப் பூச்சைக் கெடுப்பதில் முன்னணி. மிதமான திரவ சோப்பில் கையால் அலசுங்கள், கம்ஃபர்ட் மாதிரியான துணி மென்மையாக்கி கூடவே கூடாது. முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேபிள் அனுமதித்தால் மேலே ஒரு துணியைப் போட்டுக் குறைந்த சூட்டில் இஸ்திரி காட்டினால் பூச்சு ஓரளவு உயிர்பெறும். இல்லையென்றால் தெளிக்கும் நீர்விலக்கி வாங்கிப் பூசலாம்.

அப்புறம் பலூன் சோதனையை மறுபடி செய்யுங்கள். தையலில் மட்டும் கசிந்தால் தையல் ஓட்டையை அடைக்கும் சீம் சீலர் பசையை மெல்லியதாகத் தடவி ஒரு இரவு காயவிட்டால் இன்னும் ஒரு பருவம் ஓடும். துணியின் நடுவிலேயே காற்று வந்தால், அல்லது உள்ளே படலம் செதில் செதிலாக உதிர்ந்து கையில் ஒட்டினால் அதைச் சரிசெய்ய வழியில்லை. வீட்டருகே காலை நடைக்கு வைத்துக்கொண்டு, மலைக்குப் புதிது வாங்குங்கள்.